மகளுக்கு வந்த சீமை

எப்போதும்வென்றானிலிருந்து மதுரைச் சாலையில் வடக்கே சென்றால் எட்டயபுரம் வரும். அது போன்ற பாளையங்களில் சீமையைப் பங்கிடும் வழக்கம் இருந்ததில்லை. மூத்தவர் ஆண்டார், இளையோர்க்குச் சீவனாம்சமே கிடைத்தது. ஆண்மகவு இல்லாவிடில்தான் தொல்லை.

ஐரோப்பியப் பிரபுக்களும் இதற்கு விலக்கல்லர். பிளாண்டர்ஸ் கோமகன் பால்டுவின் சிலுவைப்போருக்குச் சென்று மீளாமையால், 1205-இல் சிறுமி ஜோன் பட்டத்துக்கு வந்தாள். பின்னர் அவள் தங்கை மார்கரெட்டின் இருதார மக்கள் பூசலிட, 1246-இல் புனித லூயி மன்னர் ஒரு சாராருக்குப் பிளாண்டர்சையும் மறுசாராருக்கு ஹைனோவையும் அளித்தார். ஆயினும் போர் மூண்டது.

நம் சிவகங்கையில் வாளுக்குப் பதில் வழக்கு. 1801-இல் கும்பெனியார் கௌரி வல்லபத் தேவரைச் சமீன்தாராக்கினர். 1829-இல் அவர் ஆண் வாரிசின்றி இறக்கவே, தமையன் மகன் சீமையைக் கைக்கொண்டார். கைம்பெண்ணான நாச்சியார் ஒருவர் வழக்காடியே காலமானார். பின்னர் மகள் காத்தம நாச்சியார் தொடர்ந்தார். பிரியாத குடும்பத்தில் ஆண் இருக்கப் பெண்ணுக்குச் சீமை சேராது என்றது எதிர்த்தரப்பு.

இலண்டன் பிரிவி கவுன்சில் 1863-இல் தீர்ப்பளித்தது: குடும்பம் பிரியாதிருப்பினும், சீமை கௌரி வல்லபர் தாமே பெற்ற சொத்து, ஆகவே அவர் வழியினரையே சேரும். முப்பத்து நான்கு ஆண்டுகள்! வழக்கறிஞர்களுக்கு நல்ல அறுவடைதான். காத்தம நாச்சியார் சீமையைப் பெற்றார். பிற்கால வாரிசு வழக்குகள் பலவற்றில் அத்தீர்ப்பே மேற்கோளாக எடுத்துக் காட்டப்பட்டது.