லினக்சில் கணினிப் பெயர்ப் பிழைகள்

கணினிப் பெயர் அல்லது ஹோஸ்ட்நேம் என்பது வலையமைப்பில் ஒரு கணினியைப் பிறவற்றிலிருந்து பிரித்தறிய இடப்படும் பெயராகும். லினக்சு முனையத்தின் கட்டளை வரியிலும் நிகழ்வுப் பதிவுகளிலும் பெரும்பாலும் இப்பெயரே தோன்றும். ஒரே வட்டிலிருந்து படியெடுத்து நிறுவப்பட்ட ஆய்வகக் கணினிகள் யாவும் ஒரே பெயரைத் தாங்கியிருக்கலாம். அந்நிலையில், ஒரு கணினியில் அழிக்க வேண்டிய கோப்பை மற்றொன்றில் அழித்துவிடும் ஆபத்து உண்டு.

பிழையின் காரணம்

பெயர் மூன்று இடங்களில் உள்ளது: இயங்கும் கருனி, எட்சி அடைவிலுள்ள ஹோஸ்ட்நேம் கோப்பு, அதே அடைவிலுள்ள ஹோஸ்ட்ஸ் கோப்பு. இவற்றுள் ஒன்றை மட்டும் மாற்றுவதே பெரும்பாலான பிழைகளுக்குக் காரணம். ஹோஸ்ட்நேம் கட்டளையால் மாற்றிய பெயர் கருனியில் மட்டுமே பதியும். கணினியை மறுதொடக்கம் செய்தால் பழைய பெயர் திரும்பிவிடும். ஹோஸ்ட்ஸ் கோப்பில் பழைய பெயரே இருந்தால், சூடோ கட்டளையை இயக்கும்போது, கணினியின் பெயருக்குரிய முகவரியைக் கண்டறிய இயலவில்லை என்ற எச்சரிக்கை வரலாம். வீட்டின் பெயர்ப்பலகையை மாற்றிவிட்டு அஞ்சலகத்துக்குத் தெரிவிக்காதது போன்றது இது.

திருத்தும் முறை

1. டெபியன், உபுண்டு, ஃபெடோரா போன்ற சிஸ்டம்டி சார்ந்த வழங்கல்களில் ஹோஸ்ட்நேம்சிடிஎல் கட்டளை நடப்புப் பெயரைக் காட்டும்.
2. அதனுடன் செட்-ஹோஸ்ட்நேம் என்பதையும் புதிய பெயரையும் சேர்த்து, நிர்வாகி உரிமையுடன் இயக்கினால் கருனியிலும் ஹோஸ்ட்நேம் கோப்பிலும் பெயர் மாறும்.
3. ஹோஸ்ட்ஸ் கோப்பைத் தனியே திருத்த வேண்டும். டெபியன், உபுண்டுவில் 127.0.1.1 என்று தொடங்கும் வரியில் புதிய பெயரை எழுதுவது வழக்கம்.
4. கெட்என்ட் ஹோஸ்ட்ஸ் கட்டளையுடன் புதிய பெயரைத் தந்து, முகவரி கிடைக்கிறதா எனச் சரிபார்க்கலாம்.

பெயருக்கான விதிகள்

ஆங்கில எழுத்து, எண், இணைப்புக்குறி ஆகியவற்றைப் பயன்படுத்தலாம். இணைப்புக்குறி முதலிலோ இறுதியிலோ வரக்கூடாது. அடிக்கோடும் இடைவெளியும் தவிர்க்கப்பட வேண்டும். புள்ளிகளுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு பகுதியும் 63 எழுத்துகளைத் தாண்டக்கூடாது. தமிழில் பெயரிட விரும்பினால், ஹோஸ்ட்நேம்சிடிஎல் கட்டளையின் 'பிரெட்டி' என்னும் காட்சிப் பெயராக அதனை அமைக்கலாம்.

பழைய பெயர் திரும்பி வருதல்

மேகக் கணிமைச் சேவையகங்களில் கிளவுட்-இனிட் என்னும் மென்பொருள், தொடக்கத்தின்போது பழைய பெயரை மீண்டும் எழுதிவிடலாம். அதன் அமைவுக் கோப்பில், பெயரை மாற்றாமல் காக்கும் விருப்பத்தேர்வை இயக்கிய பிறகே மேற்கூறிய திருத்தங்கள் நிலைக்கும். எனவே மறுதொடக்கத்துக்குப் பின் பெயரை மீண்டும் ஒருமுறை சரிபார்ப்பது அவசியம்.