உங்களுக்குத் தெரியுமா?

ரஞ்சிக் கோப்பை வரலாற்றின் முதல் பந்தை வீசியவர் நம் செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர்!

இந்த மாவட்டத்தின் மொரப்பாக்கத்தில் பிறந்த எம்.ஜே.கோபாலன்தான் அவர். நாள்: 1934 நவம்பர் 4. இடம்: சேப்பாக்கம். எதிரே மட்டையோடு நின்றவர் மைசூரின் கர்டிஸ். மைசூர் 48, 59 ரன்களில் சுருண்டது. சென்னை அணி எடுத்ததோ 130 மட்டுமே. ஆனாலும் இன்னிங்ஸ் வெற்றி, அதுவும் ஒரே நாளில்!

• கோபாலன் கிரிக்கெட், ஹாக்கி இரண்டிலும் இந்தியாவுக்கு ஆடியவர். 1934 ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக டெஸ்ட். மறு ஆண்டே தியான் சந்த் தலைமையிலான ஹாக்கி அணியோடு நியூசிலாந்துப் பயணம்.

• 1936-இல் ஒரு பக்கம் பெர்லின் ஒலிம்பிக், மறுபக்கம் இங்கிலாந்து கிரிக்கெட் பயணம். கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். அங்கே ஒரு டெஸ்டில்கூட அவரை இறக்கவில்லை. பெர்லினில் இந்திய ஹாக்கி அணி ஜெர்மனியை 8-1 என்று வீழ்த்தித் தங்கம் வென்றது. நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

• கல்கத்தாவில் ஆடியதுதான் அவருடைய ஒரே டெஸ்ட். ஆனால் 1950-களில் தொடங்கிய சென்னை – இலங்கை கிரிக்கெட் போட்டிக்கு அவர் பெயரையே வைத்தார்கள்: கோபாலன் கோப்பை.