நிழலைப் பார்த்து இடத்தைத் தேர்வோம்

1990ஆம் ஆண்டு யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றுபோனபோது, ஜாம் போத்தல் விளக்கில் எமது பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டோம். 2022 பங்குனி முடிவில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு வந்தபோது, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் எம்மவர் பலருக்கு அந்த நாட்களே நினைவுக்கு வந்திருக்கும். அதன் பின்னர் வீட்டுக்கொரு சோலர் தொகுதி வாங்கும் எண்ணம் பலரிடம் உண்டு.

இது புதிய விடயமல்ல. 1997 முதல் 2011 வரை உலக வங்கி உதவிய இரு திட்டங்களின் கீழ், மின்கம்பி எட்டாத இலங்கைக் கிராமங்களில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் சோலர் விளக்குப் பெற்றன. கடனுக்கோ நகையை ஈடுவைத்தோ வாங்கும் பொருள் பயன் தருமா என்பது, அதைப் பொருத்தும் இடத்திலேயே பெரிதும் தங்கியுள்ளது. இங்கு நாம் பேசுவது பற்றறியுடன் கூடிய சிறு தொகுதி பற்றியே. பற்றறி இல்லாமல் பொது மின்கம்பியுடன் இணைக்கப்படும் தொகுதி, மின்வெட்டு வேளையில் தானும் நின்றுவிடும்.

நிழல் ஏன் கெடுதல்?

சிறிய சோலர் தகட்டில் பொதுவாக 36 கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்பட்டிருக்கும். வாய்க்காலில் ஓரிடத்தில் மண் சரிந்தால் கடைசிப் பாத்திக்கு நீர் போகாதல்லவா? அதுபோல, ஒரு கலத்தின் மேல் நிழல் விழுந்தாலும் முழுத் தகட்டின் மின்சாரம் பெருமளவு குறைந்துவிடும். தண்ணீர்த் தாங்கி, அன்டனாக் கம்பம், கொடியில் காயும் சீலை எல்லாமே தடைதான்.

காலை 9 மணி முதல் மாலை 3 மணி வரை நிழல் விழாத இடமே நல்ல இடம். நாற்றுமேடைக்கு இடம் பார்க்கும் விவசாயிக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் ஒரு மாதம் மட்டும் பார்த்தால் போதாது. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். அப்போது கொழும்பில் 10 அடி உயரச் சுவரின் நிழல் நண்பகலில் வடக்கே 6 அடி வரை விழும். ஆனியில் சூரியன் வடக்கே போய்விடும். அதே சுவரின் நிழல் தெற்கே 3 அடி விழும். காலையிலும் மாலையிலும் நிழல் இன்னும் நீளும். ஆகவே தெற்குப் பக்கத்தை மட்டுமல்ல, வடக்கு, கிழக்கு, மேற்குப் பக்கங்களையும் பாருங்கள். பக்கத்து வளவில் மாடி எழும்பப் போகிறதா என்றும் விசாரியுங்கள்.

கூரையில் வைக்கும்போது

தகட்டைத் தெற்கு நோக்கிச் சற்றுச் சாய்த்து வைப்பது நல்லது. 3 அடி நீளத் தகடானால் மேல் விளிம்பை 6 அங்குலம் உயர்த்தினால் போதும். மழைநீர் வழிந்து தூசியையும் கழுவிவிடும். தெற்கே இடமில்லையாயின் கிழக்குச் சாய்வும் உதவும். பங்குனி, சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் கொழும்பில் பெரும்பாலும் பிற்பகலிலேயே இடிமழை வருவதால், காலை வெயில் பெறுமதியானது.

சூடேறினால் தகட்டின் மின்சாரம் குறையும். எனவே கூரைக்கும் தகட்டுக்கும் இடையே காற்றோட நாலு விரற்கடையாவது இடைவெளி விடுங்கள். வெள்ளவத்தையில் கடலோரமாக இருப்போர் சாதாரண இரும்பு ஆணிகளைத் தவிர்த்து, துருப்பிடிக்காத உருக்கு ஆணிகளைப் பாவியுங்கள். உப்புக் காற்று இரும்பைத் தின்றுவிடும். கொட்டாஞ்சேனையின் நெருக்கமான ஒழுங்கைகளில் அஸ்பெஸ்டஸ் கூரையுள்ள வீடுகளில் இருப்போர் அதன்மேல் ஏறவோ துளையிடவோ வேண்டாம். சீற் உடைந்து ஆள் விழலாம். அதன் தூசி சுவாசப்பைக்கும் ஆபத்து. சுவரில் தாங்கி அடித்து அதன்மேல் தகட்டை வைக்கலாம்.

பற்றறிக்கும் இடம் வேண்டும்

தகட்டிலிருந்து பற்றறிக்குப் போகும் வயர் கட்டையாக இருக்கட்டும். 12 வோல்ற்றில் ஓடும் மின்சாரம் நீண்ட மெல்லிய வயரில் வீணாகும். ஈயப் பற்றறி மின்னேறும்போது தீப்பற்றக்கூடிய வாயு வெளிவரும். ஆகையால் கட்டிலுக்குக் கீழும் அடுப்படியிலும் வேண்டாம். காற்றோட்டமுள்ள நிழலான இடத்தில், பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

வாடகை வீடானால்

முதலில் வீட்டுக்காரரிடம் எழுத்தில் சம்மதம் பெறுங்கள். தொடர்மாடியாயின் மொட்டை மாடி எல்லோருக்கும் பொதுவானது. நிர்வாகக் குழுவிடம் கேளுங்கள். கழற்றி எடுத்துச் செல்லக்கூடியவாறு பூட்டுங்கள். நாளை வன்னிக்கோ வலிகாமத்துக்கோ திரும்பும்போது அது உங்களுடனேயே வர வேண்டும். அங்கே பனையும் தென்னையும் நிற்கும் வளவில் மறுபடியும் நிழல் பார்த்துத்தான் இடம் தெரிய வேண்டும்.

ஆகவே கடைக்காரர் காட்டும் இடத்தை உடனே ஒப்புக்கொள்ளாதீர்கள். காசு கொடுக்குமுன் ஒரு நாள் முழுவதும் 9, 12, 3 மணிக்கு நிழலின் ஓரத்தைச் சோக்கால் குறித்துப் பாருங்கள். அதற்கு ஒரு சதமும் செலவில்லை. வாங்கிய கடன் வீணாகாமல் அதுவே காக்கும்.