குடிவந்தோரும் குடிவந்த ஆறும்

தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில், கம்பத்திலிருந்து சுருளி அருவிக்குச் செல்லும் வழியில் காமயகவுண்டன்பட்டி அமைந்துள்ளது. ஓர் ஊர் யாருக்கு உரியது என்னும் வினாவை ஆராய்வோர்க்கு இவ்வூர் நல்லதொரு பாடமாகும்.

முதலாவது, மக்களை நோக்குவோம். ஒரு மனிதரின் பெயரைத் தாங்கிய இவ்வூரின் பெயரே பழைய குடியேற்றத்தை நினைவூட்டுகிறது. இப்பள்ளத்தாக்கில் கவுண்டர் என்னும் பட்டத்துடன் வாழும் ஒக்கலிகர், காப்பிலியர் என்றும் வழங்கப்படுவர். அவர்களுடைய முன்னோர் துங்கபத்திரைக் கரையிலிருந்து தெற்கே வந்தனர் என்பது வழிவழிச் செய்தி. வீட்டில் கன்னடமும் வெளியில் தமிழும் பேசிய இம்மக்கள், கம்பத்தில் 'தம்பிரான் மாடு' என்னும் மந்தையைப் புனிதமாகப் பேணி வந்துள்ளனர். மந்தையின் பட்டத்துக் காளை மறைந்தால், கரும்புக் கட்டை மந்தையின்முன் வைத்து, அதனை முதலில் தின்னும் காளையைப் பட்டத்துக்குத் தெரிந்துகொள்வது பழைய வழக்கம். நிலம் விட்டு நிலம் வந்தவர்க்குக் கால்நடையே உடன்வந்த செல்வம் அன்றோ?

இரண்டாவது, ஆறு. பெரியாறு இயல்பாக மேற்கே பாய்ந்து அரபிக்கடலைச் சேர்வது. 1886ஆம் ஆண்டு திருவிதாங்கூர் அரசோடு 999 ஆண்டுகளுக்குக் குத்தகை உடன்படிக்கை செய்யப்பட்டது. பொறியாளர் பென்னிகுயிக் எழுப்பிய அணை 1895ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் திறக்கப்பட்டது. மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே நீர் கிழக்கே திரும்பிச் சுருளியாற்றோடு கலந்து, வைகையை அடைகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் ஏறக்குறைய 14,700 ஏக்கர் இருபோக நெல் வயல்கள் இந்நீரை நம்பியுள்ளன. ஆகவே ஊருக்குச் சோறிடும் ஆறும் இங்குக் குடிவந்ததே.

மூன்றாவது, கொடி. இப்பகுதியின் பன்னீர் திராட்சை 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அதனையும் 1832ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் குருவானவர் ஒருவர் கொண்டுவந்தார் என்பர்.

மக்களும் நீரும் கொடியும் வந்தேறியவையானால், மண்ணுக்கு உரிமை எதனால் உண்டாகிறது? உழைப்பினாலும், பேணிக் காப்பதினாலும், பெற்றதைப் பகிர்வதினாலுமே உண்டாகிறது. இதனை நாம் மறந்த நாட்களும் உண்டு. 2011ஆம் ஆண்டு டிசம்பரில் அணையைக் குறித்த சச்சரவு மூண்டபோது, இடுக்கித் தோட்டங்களில் உழைத்த தமிழ்க் குடும்பங்கள் அஞ்சி மலையிறங்கி வந்தன. இப்பக்கம் வாழ்ந்த மலையாளிகளும் அச்சத்திற்கு உள்ளாயினர். தலைமுறைகளாக அண்டை வீட்டாராய் இருந்தோர் ஒரே வாரத்தில் அந்நியராயினர்.

2014ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் நீர்மட்டத்தை 142 அடி வரை உயர்த்த இசைவளித்தது. நீதிமன்றம் நீரின் அளவை வரையறுக்கலாம். அண்டை வீட்டார்மீது கொள்ளும் நம்பிக்கையை நாமே மீண்டும் கட்ட வேண்டும். பிறரை 'வந்தேறி' என்று அழைக்க நம் நா எழும்போது, நம் வயலில் பாயும் நீர் எங்கிருந்து வந்தது என்பதை ஒருகணம் நினைந்துகொள்வோமாக.