சக்கரம் சுற்றினால்தான் படி

நாமக்கல் பக்கம் நெடுந்தூர லாரி ஓட்டும் ஒருவரிடம் "மாசம் எவ்வளவு வருங்க?" என்று கேட்டால் சட்டென்று ஒரு தொகை சொல்லமாட்டார். "நடை அமையறதப் பொறுத்துதானுங்க" என்பார். மழுப்புகிறார் என்று நினைக்க வேண்டாம். மாதம் முடிந்து கணக்கு நோட்டைப் புரட்டினால்தான் அவருக்கே தெரியும்.

அந்த நோட்டைப் பார்க்க வேண்டும். டீசல் வாடை ஏறி, ஓரம் சுருண்டு, இருக்கைக்குப் பின்னால் செருகியிருக்கும். பக்கத்தின் தலையில் பிள்ளையார் சுழி, புறப்பட்ட தேதி, முதலாளி கொடுத்த முன்பணம். கீழே வரிசையாக டீசல், டோல், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, எடைமேடை, பஞ்சர், தார்ப்பாய் கட்டியது. நடுவில் 'வழிச்செலவு' என்று ஒரு வரி. யாருக்குக் கொடுத்தது என்று அங்கே எழுதுவதில்லை, முதலாளி கேட்பதும் இல்லை. கடைசி வரிதான் படி. ஓட்டுநரின் சம்பளம் அது.

படி போடுவதில் ஊருக்கு ஒரு வழக்கம், முதலாளிக்கு ஒரு வழக்கம். வாடகையில் நூற்றுக்கு இவ்வளவு என்பார் ஒருவர், நடைக்கு இவ்வளவு என்பார் இன்னொருவர், கிலோமீட்டர் கணக்கு வைத்திருப்பவர்களும் உண்டு. மாதச் சம்பளம் என்பது குறித்த தடத்தில் ஓடும் பார்சல் வண்டிகளிலும் பெரிய நிறுவன வண்டிகளிலும்தான் அதிகம். எப்படிப் போட்டாலும் அடிப்படை ஒன்றே. சக்கரம் சுற்றினால் பணம்.

புரிவதற்காக ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாமக்கல்லிலிருந்து டெல்லிக்கு, கன்னியாகுமரி - ஸ்ரீநகர் தேசிய நெடுஞ்சாலை 44 வழியாக 2,300 கிலோமீட்டருக்கு மேல். போக வாடகை 1,00,000 ரூபாய், திரும்ப 80,000 ரூபாய், படி நூற்றுக்குப் பத்து என்று வைத்துக்கொள்வோம். ஒரு நடைக்குக் கையில் வருவது 18,000 ரூபாய். அதில் சாப்பாடு, டீ, குளியல் என்று நாளுக்கு 350 ரூபாய் அவர் செலவு. 15 நாளில் போய்த் திரும்பினால் மிச்சம் 12,750. மாதத்துக்கு இரண்டு நடை, 25,500 ரூபாய். அதே நடை 22 நாள் இழுத்தால் மிச்சம் 10,300. மாதத்துக்குப் பார்த்தால் 14,000 சொச்சம். வண்டி அதே வண்டி, வாடகை அதே வாடகை, ஓட்டியவரும் அவரே. நடுவில் ஏழு நாள் வண்டி நின்றது, அவ்வளவுதான்.

அந்த ஏழு நாள் எங்கே போகிறது? ஏற்றும் இடத்தில் சரக்கு தயாராக இருக்காது. இறக்கும் இடத்தில் குடோன் நிரம்பியிருக்கும், அல்லது ஞாயிற்றுக்கிழமையாக இருக்கும். பெருநகரங்களுக்குள் கனரக வண்டி நுழையப் பகலில் தடை. எல்லாவற்றையும்விட நாளைத் தின்பது ரிட்டன் லோடு. காலியாகத் திரும்பினால் டீசலுக்கே கட்டாது என்பதால், நாசிக் வெங்காயமோ ராஜஸ்தான் மார்பிளோ கிடைக்கும்வரை புக்கிங் ஆபீஸ் வாசலில் கிடக்க வேண்டும். தாமதத்துக்கு ஹால்டிங் என்று தனிப் பணம் கேட்கலாம். கொடுப்பதும் கொடுக்காததும் சரக்குக்காரர் கையில் இருக்கிறது. அடுத்த லோடும் அவரிடமே வாங்க வேண்டியிருப்பதால் பலர் அழுத்திக் கேட்பதில்லை.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து மாநில எல்லை வரிச் சாவடிகள் எடுக்கப்பட்டதும், 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானதும் வழியில் நிற்கும் நேரத்தைக் குறைத்தன. உண்மையான உதவி அது. ஆனால் ஏற்றும் வாசலிலும் இறக்கும் வாசலிலும் நிற்பதை எந்தச் சட்டமும் குறைக்கவில்லை.

வண்டி நிற்பது ஒருபுறம் இருக்க, வாடகையும் கூடவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. 2018 ஜூலையில் லாரிகளின் எடை வரம்பை மத்திய அரசு உயர்த்தியது. மூன்று அச்சு வண்டி சரக்கோடு சேர்த்து 25 டன் இருந்தது, 28.5 டன் ஆனது. அதே சரக்குக்கு இப்போது குறைந்த வண்டி போதும். லோடுக்குக் காத்திருக்கும் வண்டிகள் கூடின, வாடகையைப் பேசி ஏற்றும் பலம் குறைந்தது. வாடகையோடு கட்டிப்போட்ட படியும் அங்கேயே நின்றது. முதலாளிக்கும் கழுத்தைப் பிடிக்கும் செலவுகள்தான். டீசல், தவணை, டயர், இன்சூரன்ஸ். நாமக்கல், சங்ககிரி பக்கம் ஒற்றை லாரி வைத்துத் தானே ஓட்டும் முதலாளிகள் ஏராளம். அவர்களுக்குப் படியும் லாபமும் ஒரே பையிலிருந்துதான்.

வண்டி வகையும் வருமானத்தைத் தீர்மானிக்கிறது. கேஸ் டேங்கர் ஓட்ட ஆபத்தான சரக்குக்கான தனிப் பயிற்சியும் உரிமத்தில் அதற்கான பதிவும் வேண்டும், அதற்கேற்பப் படியும் பேசலாம். ஆனால் பிளான்ட் வாசலில் வரிசை நீளும். டிரெய்லருக்குக் கைப்பழக்கம் வேண்டும், ஆள் கிடைப்பது அரிது. சில இடங்களில் மைலேஜ் கணக்கும் சேரும். ஏற்றிய வண்டி லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் தர வேண்டும் என்று முதலாளி முன்பே சொல்லிவிடுவார், குறைந்தால் படியில் பிடிப்பார். 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம். மைலேஜ் கணக்கு இருக்கிற வண்டியில் அந்த ஏசியை மே மாதத்தில்கூடப் போடத் தயங்குவார்கள்.

முன்பு கூடவே ஒரு கிளீனர் இருப்பார். கட்டை போடுவது, கயிறு இறுக்குவது, ராத்திரி பேச்சுக் கொடுத்துத் தூக்கத்தை விரட்டுவது எல்லாம் அவர் வேலை. ஓட்டவும் அந்த வேலையில் இருந்துதான் கற்றார்கள். செலவைக் குறைக்க முதலில் இறக்கிவிட்டது அவரைத்தான். அவர் வேலையும் இப்போது ஓட்டுநர் தலையில், அதே படிக்கு.

1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று எழுதிவைத்தது. ஐந்து பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்துக்கு அது பொருந்தவில்லை என்பதால் சின்ன முதலாளியின் ஓட்டுநர் தொடக்கத்திலேயே வெளியே நின்றார். சேவ்லைஃப் அறக்கட்டளை பத்து நகரங்களில் ஓட்டுநர்களிடம் நடத்தி 2020-இல் வெளியிட்ட ஆய்வில், அவர்கள் நாளுக்குச் சராசரியாகப் பன்னிரண்டு மணி நேரம் ஓட்டுவது தெரியவந்தது. தம் குடும்பத்தார் யாரும் இந்தத் தொழிலுக்கு வருவதைப் பரிந்துரைக்க மாட்டோம் என்றவர்கள் நூற்றுக்கு 84 பேர். ஓட்டுநர் கிடைக்கவில்லை என்று இன்று புலம்பும் முதலாளிகள் பதில் தேட வேண்டிய இடம் அந்த எண்தான். நின்ற நாளுக்கு ஒரு குறைந்தபட்சப் படி, அதைச் சரக்குக்காரரிடம் வாடகையோடு சேர்த்தே வாங்குவது என்ற ஏற்பாடு வந்தால் அடுத்த தலைமுறை வண்டி ஏற யோசிக்கலாம்.

இப்போதைக்கு நோட்டில் அதற்கு வரி இல்லை. வடக்கே ஏதோ ஒரு குடோன் வாசலில், வண்டி நிழலில் மண்ணெண்ணெய் அடுப்பை மூட்டிச் சோறு வடித்துக்கொண்டிருப்பவருக்கு வீட்டிலிருந்து போன் வரும். "எங்க இருக்கீங்க?" என்று கேட்பார்கள். "இன்னும் இறக்கல" என்பார். அன்றைய தேதிக்கு எதிரே அவர் எழுதுவது ஒரே செலவு. அரிசி, பருப்பு, வெங்காயம்.