ரிப்பன் மைக்கும் அதன் ஜோடியும்

பெண்ணுக்கு வரன் தேடும்போது பிள்ளையின் முகத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தாம்பூலம் மாற்றிக்கொள்ளும் பெற்றோர் எவரும் இல்லை. குலம், குணம், சம்பாத்தியம், மாமியாரின் சுபாவம் எல்லாவற்றையும் விசாரித்த பிறகே முகூர்த்தம் வைக்கிறோம். ஆனால் சங்கீதத்தைப் பதிவு செய்ய மைக்ரோபோன் வாங்கும்போது மாத்திரம் இந்த விவேகம் நம்மைக் கைவிட்டுவிடுகிறது. மைக்கின் பெயரையும் புகழையும் கேட்டு மயங்குகிறோம்; அது போய்ச் சேரவேண்டிய ப்ரீஆம்ப் எப்படிப்பட்டது என்று கேட்பதே இல்லை. இவ்வாறு பொருத்தம் பாராமல் நாம் செய்த ஒரு காரியத்தால் நல்ல வீணை வாசிப்பு ஒன்று பழுதாயிற்று. வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டரும் ஒலிப்பதிவும் வந்துவிட்ட இக்காலத்தில் அந்த அநுபவம் பிறருக்குப் பயன்படக்கூடும் என்றெண்ணி இங்கே எழுதுகிறோம்.

பௌதிகம் போதிப்பது நமது தொழில். சங்கீதம் கேட்பது நமது பலஹீனம். சில வருஷங்களுக்கு முன் நண்பர் ஒருவரிடம் ரிப்பன் மைக் ஒன்றை இரவல் வாங்கி, நம் ஊர்க் கோயில் நாகஸ்வரக்காரரைப் பதிவு செய்தோம். கம்ப்யூட்டருடன் இணைக்கும் சாதாரணப் பெட்டி ஒன்று நம்மிடம் இருந்தது. ப்ரீஆம்ப் அதற்குள்ளேயே அடக்கம். பதிவு அற்புதமாக அமைந்தது. சீவாளியின் கூர்மை காதைக் குத்தவில்லை; அதே சமயம் வாத்தியத்தின் கம்பீரமும் குறையவில்லை. நேரில் கேட்டாற்போலவே இருந்தது.

இந்த வெற்றியினால் தைரியம் பெற்று, அதே மைக்கையும் அதே பெட்டியையும் எடுத்துக்கொண்டு, எண்பது வயதை நெருங்கிய அம்மையார் ஒருவரின் வீட்டுக்குப் போனோம். அவர் மேடை ஏறாதவர். அவருடைய வீணை எங்கும் பதிவானதில்லை. அன்று அவர் ஒரு மணி நேரம் தோடி வாசித்தார். பெட்டியின் கெயின் குமிழைக் கடைசி வரையில் திருப்பியும் ஒலி போதவில்லை. பதிவான பிறகு பேத்தி ஹெட்போனை மாட்டிக்கொண்டு சிறிது நேரம் கேட்டாள். "வெளியிலே மழை வந்துடுத்தா, ஸார்?" என்றாள்.

மழை வரவில்லை. ப்ரீஆம்பின் இரைச்சல்தான் அப்படிப் பெய்துகொண்டிருந்தது.

ஒரே மைக், ஒரே பெட்டி; நாகஸ்வரத்துக்கு நன்றாயிருந்தது வீணைக்கு ஏன் உதவவில்லை? இதற்கு விடை தெரிய வேண்டுமானால் ரிப்பன் மைக்கின் உள்ளே என்ன இருக்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

தலைமயிரிலும் மெல்லிய நாடா

பலமான இரண்டு காந்தத் துருவங்களுக்கு நடுவே மடிப்பு மடிப்பான ஓர் அலுமினிய நாடா தொங்குகிறது. அதன் கனம் சுமார் 2 மைக்ரான்; நமது தலைமயிரின் கனத்தில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. ஒலியலை வந்து தொட்டதும் நாடா அசைகிறது. காந்தப் புலத்தில் உலோகம் அசைந்தால் மின்சாரம் பிறக்கும் என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த பாடம். அவ்வளவுதான் இதன் ரகசியம். நாடா மிகவும் லேசானது. ஆகையால் ஒலி போகும் வழியிலேயே தானும் போகிறது. மேல் ஸ்தாயியில் இல்லாத பளபளப்பை இது ஏற்றிச் சொல்வதில்லை. நாகஸ்வரம், டிரம்பெட், வயலின் போன்ற கூரிய வாத்தியங்களுக்கு இது உகந்தது என்பது இதனால்தான்.

1920-களில் ஜெர்மனியில் வால்ட்டர் ஷாட்கி, எர்வின் கெர்லாக் என்னும் விஞ்ஞானிகள் இந்த யுக்தியைக் கண்டனர். அமெரிக்காவில் ஆர்.ஸி.ஏ. கம்பெனியைச் சேர்ந்த ஹாரி ஆல்ஸன் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். 1930-களின் தொடக்கத்தில் வெளிவந்த ஆர்.ஸி.ஏ. 44 என்னும் பெரிய மைக் அக்காலத்து ரேடியோ நிலையப் படங்களில் எல்லாம் காட்சி தரும். இங்கிலாந்தில் பி.பி.ஸி. 1950-களில் உருவாக்கிய 4038 என்னும் மைக் இன்றும் கோல்ஸ் என்ற பெயரில் விற்பனையாகிறது. பிறகு கண்டென்ஸர் மைக்குகளின் செல்வாக்கு ஓங்கியது. 1998-இல் அமெரிக்காவில் ராயர் கம்பெனி ஆர்-121 என்ற சிறிய, உறுதியான மைக்கைக் கொண்டுவந்த பிறகு ரிப்பனுக்கு மறுபடியும் நல்ல காலம் பிறந்தது.

முதல் பொருத்தம்: பெருக்கும் சக்தி

இத்தனை மெல்லிய நாடாவில் பிறக்கும் மின்சாரம் எவ்வளவு இருக்கும்? மைக்கின் உள்ளேயே ஒரு டிரான்ஸ்பார்மர் அதை உயர்த்திக் கொடுக்கிறது. அப்படியும் 94 டெசிபல் ஒலிக்கு 4038 தருவது அரை மில்லிவோல்ட்டுக்குச் சற்று அதிகம், அவ்வளவே. ஸ்டூடியோவில் வழங்கும் நல்ல கண்டென்ஸர் மைக் அதே ஒலிக்கு சுமார் 20 மில்லிவோல்ட் தரும். புதிய, பலமான காந்தங்களைக் கொண்ட ரிப்பன் மைக்குகள் 2, 3 மில்லிவோல்ட் வரையில் எட்டுகின்றன.

நாகஸ்வரம் 94 டெசிபலை விளையாட்டாகத் தாண்டிவிடும். வீணையோ மெல்லிய இடங்களில் 60 டெசிபல் அளவுக்கு இறங்கிவிடுகிறது. 34 டெசிபல் வித்தியாசம் என்றால் மின் அழுத்தத்தில் 50 மடங்கு வித்தியாசம். நாகஸ்வரத்தின் முன் அரை மில்லிவோல்ட் தந்த மைக், வீணையின் முன் அதில் ஐம்பதில் ஒரு பங்குதான் தரும். அதைப் பெருக்குவது யார்? ப்ரீஆம்ப்தான். 40 டெசிபல் கெயின் என்பது 100 மடங்கு. 60 டெசிபல் 1,000 மடங்கு. 70 டெசிபல் 3,000 மடங்குக்கும் மேல். மெல்லிய வாத்தியத்தை ரிப்பன் மைக்கால் பதிவு செய்ய 70 டெசிபல் கெயின் கையில் இருப்பது நலம். சாதாரணப் பெட்டிகளில் பல 50, 60 டெசிபலோடு நின்றுவிடும். கடைசிச் சில டெசிபல்களில் அவற்றின் இரைச்சல் நாதத்தை விட வேகமாக வளர்வதும் உண்டு.

கெயின் மட்டும் இருந்தால் போதாது. அது அமைதியான கெயினாக இருக்க வேண்டும். ப்ரீஆம்பின் விவரச் சீட்டில் 'ஈ.ஐ.என்.' என்று ஓர் எண் காணப்படும். அதன் உள்ளீட்டிலேயே உள்ள இரைச்சலின் அளவு அது. 150 ஓம் கொண்ட வெறும் ரெஸிஸ்டர் ஒன்றில், அறையின் வெப்பத்தினாலேயே எழும் இயற்கை இரைச்சல் சுமார் மைனஸ் 131 டிபியு. அந்த எல்லைக்குக் கீழே சாதாரண ப்ரீஆம்ப் எதுவும் போக முடியாது. மைனஸ் 127, 128 என்று போட்டிருந்தால் உத்தமம். மைனஸ் 120-க்கு இப்பால் நின்றால், நாகஸ்வரத்துக்கு வைத்துக்கொள்ளலாம், வீணைக்கு ஆகாது.

இரண்டாம் பொருத்தம்: இம்பிடன்ஸ்

பெரும்பாலான ரிப்பன் மைக்குகளின் இம்பிடன்ஸ் சுமார் 300 ஓம். ப்ரீஆம்பின் உள்ளீட்டு இம்பிடன்ஸ் அதைப்போல் ஐந்து மடங்காவது, அதாவது 1,500 ஓமாவது, இருக்க வேண்டும் என்பது பழைய விதி. அதற்கும் மேலே போனால் இன்னும் நல்லது. ஏனென்றால் 300 ஓம் என்பது எல்லா ஸ்வரங்களுக்கும் ஒரே சீராக இருப்பதில்லை. மந்த்ர ஸ்தாயியில் நாடா தன் இயல்பான அதிர்வைத் தொடும் இடத்தில் அது எழும்புகிறது. ப்ரீஆம்பின் இம்பிடன்ஸ் தாழ்ந்திருந்தால் அந்த இடத்தில் ஒலி அமுங்கிப் போகும். வீணையின் மந்த்ரத் தந்தி சாரமற்றுக் கேட்கும். ரிப்பனுக்கென்றே செய்யப்படும் ப்ரீஆம்புகளில் 10,000 ஓமும் அதற்கு மேலும் வைப்பதன் காரணம் இதுவே.

சில ப்ரீஆம்புகளில் இம்பிடன்ஸை மாற்றும் குமிழ் உண்டு. அதை 300 ஓமில் வைத்தால் மைக் தரும் சொற்ப மின்சாரத்திலும் பாதி போய்விடும். ஒலியின் நிறமும் மங்கும். வேண்டுமென்றே அந்த நிறத்தை விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அது தெரிந்து செய்கிற காரியமாக இருக்கவேண்டும்.

மூன்றாம் பொருத்தம்: 48 வோல்ட்

கண்டென்ஸர் மைக்குகளுக்கு ப்ரீஆம்பிலிருந்து 48 வோல்ட் பாண்டம் பவர் கொடுப்பது வழக்கம். சாதாரண ரிப்பன் மைக்குக்கு அது தேவையில்லை. சரியான கேபிளாக இருந்தால் இரண்டு கம்பிகளிலும் அழுத்தம் சமமாகப் போவதால் நாடாவுக்குத் தீங்கும் இல்லை. ஆனால் கேபிளில் ஒரு கம்பி அறுந்திருந்தாலோ, மாறி இணைந்திருந்தாலோ, அந்தச் சமநிலை குலைகிறது. ஒரு கணத்தில் நாடா இழுபட்டு நீண்டுவிடும், அல்லது அறுந்தே போகும். ஆகவே மைக்கைச் செருகுமுன் 48 வோல்ட்டை நிறுத்திவிட்டுச் சில விநாடிகள் பொறுப்பது நல்ல பழக்கம்.

விதிவிலக்கு இரண்டு. மைக்கின் உள்ளேயே சிறு மின்சுற்று வைத்து, பாண்டம் பவரைக்கொண்டு இயங்கும் 'ஆக்டிவ்' ரிப்பன் மைக்குகள் உண்டு. அவை அதிக மின்சாரம் தருகின்றன. ப்ரீஆம்பின் இம்பிடன்ஸைப் பற்றியும் கவலையில்லை. இரண்டாவது, க்ளவுட்லிஃப்டர் போன்ற சிறு கருவிகள். மைக்குக்கும் ப்ரீஆம்புக்கும் இடையே நின்று, 48 வோல்ட்டைத் தாமே வாங்கிக்கொண்டு, மைக்குக்குப் போகவிடாமல், சுமார் 25 டெசிபல் அமைதியான கெயினைக் கூட்டித் தருகின்றன. புதிய ப்ரீஆம்ப் வாங்க இயலாத குடும்பத்தினருக்கு இது சிக்கனமான வழி.

எதை வாங்குவது?

ஆகவே, கடைக்குப் போகுமுன் கேட்கவேண்டிய முதல் கேள்வி, எந்த மைக் சிறந்தது என்பதன்று. எந்த வாத்தியத்தைப் பதிவு செய்யப் போகிறோம் என்பதே. நாகஸ்வரம், தவில், கித்தார் ஆம்ப் முதலியவற்றுக்கு எந்த ரிப்பன் மைக்கும், சுமாரான ப்ரீஆம்பும் போதும். வாய்ப்பாட்டுக்கு 65 டெசிபல் கெயினாவது வேண்டும். வீணை, தம்புரா முதலியவற்றுக்கு மின்சாரம் அதிகம் தரும் புதுவகை மைக் அல்லது ஆக்டிவ் மைக் நல்லது. கையில் பணம் குறைவானால், பேர்பெற்ற மைக்கில் எல்லாவற்றையும் கொட்டுவதை விட, எளிய மைக்கும் அமைதியான ப்ரீஆம்பும் வாங்குவதே புத்திசாலித்தனம்.

மைக்கை அருகில் கொண்டுபோனால் ஒலி கூடுமே என்று சிலர் கேட்கலாம். கூடும், ஆனால் ரிப்பன் மைக்கை மிக நெருக்கினால் மந்த்ர ஸ்தாயி அளவுக்கு மீறிப் பருத்துவிடும். இரண்டு, மூன்று அடி தூரம் கொடுப்பதே இயல்பான நாதத்தைத் தரும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இந்த மைக் முன்னும் பின்னும் ஒரே மாதிரி கேட்கும். பக்கவாட்டில் ஏறக்குறையச் செவிடு. பின்னாலுள்ள சுவரின் எதிரொலியும் பதிவாகிவிடும் என்பது இதன் தொல்லை. பக்கவாட்டை மிருதங்கத்தின் பக்கம் திருப்பி வைத்தால் அதன் ஓசை பெரிதும் விலகிவிடும் என்பது இதன் சௌகரியம்.

ரிப்பன் மைக்கை ஊதிப் பரீட்சை செய்பவர் அதற்கு யமன் ஆவார். மின்விசிறிக் காற்றுக்கு நேரே வைக்கலாகாது. வெளியே கொண்டுபோகும்போது உறையிட வேண்டும். நெடுநாள் வைத்திருக்கும்போது நிமிர்த்தியே வைக்கவேண்டும். படுக்க வைத்தால் நாடா தொய்ந்துவிடும்.

இனி, அந்த அம்மையாரிடம் திரும்புவோம். ஐந்து மாதம் கழித்து, 70 டெசிபலுக்கு மேல் கெயினும் உயர்ந்த இம்பிடன்ஸும் உள்ள ப்ரீஆம்ப் ஒன்றையும், புதுவகை ரிப்பன் மைக் ஒன்றையும் சேகரித்துக்கொண்டு மறுபடியும் போனோம். இம்முறை மழை பெய்யவில்லை. இரண்டு சிறு கீர்த்தனைகள் தெளிவாகப் பதிவாயின. மீட்டு விரல் தந்தியை விட்ட பிறகு கமகம் தேய்ந்து அடங்குவதுகூடக் கேட்கிறது. ஆனால் அந்த ஐந்து மாதத்துக்குள் அவருடைய இடது கை நடுங்கத் தொடங்கியிருந்தது. தோடியை எடுத்தார், நாலைந்து பிடிகளுக்குப் பிறகு, "இது போதும்" என்று வீணையைக் கீழே வைத்துவிட்டார்.

முதல் நாள் தோடி நம்மிடம் இருக்கிறது. இரைச்சலை நீக்கும் கம்ப்யூட்டர் உபாயங்களையும் செய்து பார்த்தோம். மழையோடு கமகத்தின் வாலும் போய்விடுகிறது. ஆகையால் மழையோடேயே வைத்திருக்கிறோம்.

உங்கள் வீட்டிலும் பாட்டியோ தாத்தாவோ பாடக்கூடும். அவரை உட்காரவைத்துப் பதிவு செய்யுமுன், அவர் பாடும் அளவுக்கு மெதுவாக வீட்டில் வேறு ஒருவரைப் பாடச் சொல்லி, மைக்கையும் ப்ரீஆம்பையும் சேர்த்துப் பரீட்சை செய்துவிடுங்கள். பெரியவரிடம் அந்தப் பரீட்சையை நடத்த வேண்டாம்.