சிவப்புப் பொத்தானின் வயிற்றுக்குள் ஒரு ரகசிய உலா

தெருக்கூத்துக்குப் போனால் மேடையைவிட, திரைக்குப் பின்னால் அரிதாரம் பூசுகிற இடத்தை எட்டிப் பார்ப்பதில்தான் எனக்குக் குஷி. செல்போனில் இருக்கும் ஆபத்துதவிச் செயலிகளிடமும் அதே புத்திதான். சிவப்புப் பொத்தானை அழுத்தினால் உதவி வரும் என்கிறார்கள். சரி, உள்ளே யார் என்ன வேலை பார்க்கிறார்கள்? அதிலும் இது காவல் நிலையத்துக்குப் போகிற பொத்தான் அல்ல. தோழிக்கு, அண்ணனுக்கு, எதிர்வீட்டு அக்காவுக்குப் போகிற பொத்தான். வாங்க, சத்தம் போடாமல் உள்ளே நுழைவோம்.

முதல் நிறுத்தம் அமெரிக்கா. 2011-ல் வெள்ளை மாளிகை ஒரு போட்டி வைத்தது: இளைஞர்கள் மீதான பாலியல் வன்முறையைத் தடுக்க ஒரு செயலி செய்து காட்டுங்கள். வென்ற இரண்டில் ஒன்று ‘சர்க்கிள் ஆஃப் சிக்ஸ்’. அதன் பின்னால் நின்றவர்களில் ஒருவர் நான்சி ஷ்வார்ட்ஸ்மன், ஆவணப்பட இயக்குநர். நம்பிக்கையான ஆறு பேரை முன்கூட்டியே சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. பிறகு இரண்டே தட்டல். கார் படத்தைத் தட்டினால், இருக்கும் இடத்தோடு ‘வந்து கூட்டிட்டுப் போ’ என்று ஆறு பேருக்கும் செய்தி பறந்தது. போன் படத்தைத் தட்டினால்? ‘எனக்குப் போன் போட்டு ஏதோ அவசரம் மாதிரி நடி!’

ஆகா, இந்த இடத்தில் நான் கைதட்டிவிட்டேன். விருந்தில் ஒருவன் விடாமல் ஒட்டிக்கொண்டு தொல்லை கொடுக்கிறான். எழுந்து போக வழியில்லை. அப்போது போன் அடிக்கிறது: “அடியே, பாட்டிக்கு முடியலடி, எங்க இருக்கே? உடனே கெளம்பு!” யாரால் மறுத்துப் பேச முடியும்? (நடிப்பே வராத தோழிகளை அந்த ஆறு பேரில் சேர்க்காமல் இருப்பது நல்லது.) 2013-ல் இந்தச் செயலி டெல்லிக்காக இந்தியிலும் வந்தது.

அடுத்தது ஜார்ஜியா மாநிலத்தின் ஓர் அக்கா, தம்பி. ஹன்னா லூகாஸ் என்ற பள்ளி மாணவிக்கு ‘பாட்ஸ்’ என்கிற உடல் கோளாறு. எழுந்து நின்றாலே இதயம் படபடக்கும், மயக்கம் வரும். அதோடு மன அழுத்தமும் சேர்ந்துகொண்டது. ‘நான் சரியா இல்லை’ என்று சொல்ல ஒரு பொத்தான் இருந்தால் போதுமே என்று அவள் ஏங்க, நிரல் எழுதத் தெரிந்த தம்பி சார்லி களத்தில் இறங்கினான். 2018 ஜனவரியில் ‘நாட் ஓகே’ வந்தது. அதிகபட்சம் ஐந்து பேர். பொத்தானை அழுத்தினால், ‘எனக்குச் சரியில்லை, கூப்பிடு, செய்தி அனுப்பு, இல்லையென்றால் தேடி வா’ என்ற பொருளில் செய்தியும் இருப்பிடமும் போகும்படி செய்தார்கள். பதறுகிற நேரத்தில் விரல் நடுங்கும், சொல் வராது. அதனால் சொல்லை முன்பே எழுதிவைத்துவிட்டார்கள். அந்தப் பொடிசுகளுக்கு ஒரு சபாஷ்.

இனி சமையல்கட்டுக்குள். டேட்டா இல்லாத இடத்தில் எஸ்எம்எஸ்தான் கைகொடுக்கும். ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ் 160 எழுத்து. தமிழில்? வெறும் 70! அதிலும் ‘கு’ என்றால் இரண்டு இடம், ‘க்கு’ என்றால் நான்கு. ‘எனக்கு உதவி வேணும், உடனே கூப்பிடு’ என்பதே 33 இடத்தைத் தின்றுவிடும். இருப்பிடத்தைக் காட்டும் வரைபடச் சுட்டிக்கு 40 இடத்துக்கு மேல் வேண்டும். ஆக, ஒரு செய்தி இரண்டு துண்டாகிப் போய், மறுமுனையில் ஒட்டிக்கொள்கிறது. உதவி கேட்கும் பெண்ணுக்கு இது எதுவும் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

ஐபோன் இன்னும் பிகு பண்ணும். அங்கே எந்தச் செயலியும் உங்களுக்குத் தெரியாமல் எஸ்எம்எஸ் அனுப்ப முடியாது. அனுப்பு என்று நீங்களே தட்ட வேண்டும். அதனால் பல செயலிகள் தங்கள் சர்வர் வழியாகச் சுற்றிக்கொண்டு போகின்றன. வாங்குகிற தோழியின் போன் மௌனத்தில் கிடந்தால்? அதையும் மீறி அலற 2018-லிருந்து ஒரு வசதி இருக்கிறது. ஆனால் அதைப் பயன்படுத்த ஆப்பிளிடம் தனி அனுமதி வாங்க வேண்டும். இருப்பிடமும் லேசான விஷயமில்லை. செயற்கைக்கோள், செல் கோபுரம், பக்கத்து வைஃபை எல்லாம் சேர்ந்து ஊகித்துச் சொல்கிற புள்ளி அது. கட்டடத்தைக் காட்டும், எந்த மாடி என்று பெரும்பாலும் காட்டாது.

எனக்கு மிகவும் பிடித்தது, பொத்தானையே அழுத்தாத தந்திரம். 2016-ல் கூகுள் ‘டிரஸ்டட் கான்டாக்ட்ஸ்’ கொண்டுவந்தது. தோழி ‘எங்க இருக்கே?’ என்று கேட்பாள்; ஐந்து நிமிடத்தில் நீங்கள் பதில் சொல்லாவிட்டால், கடைசியாகத் தெரிந்த இடத்தைப் போன் தானே சொல்லிவிடும். மௌனமே அபயக்குரல்! என்ன அருமையான யோசனை. 2020-ல் அதை மூடிவிட்டார்கள், எனக்கு இன்னும் ஆறவில்லை. 2023-ல் ஆப்பிளின் ‘செக் இன்’ அதே பாதையில் வந்தது. வீடு சேர வேண்டிய நேரத்தில் சேரவில்லை, கேட்டாலும் பதில் இல்லை என்றால், இருப்பிடத்தோடு பேட்டரி எவ்வளவு மிச்சம் என்பதையும் அது தோழிக்குச் சொல்கிறது.

கூத்து என்றால் கோமாளி வேண்டாமா? ஆண்ட்ராய்டில் பவர் பட்டனை ஐந்து முறை தட்டினால் அவசர அழைப்பு போகும் வசதி வந்த பிறகு, 2023 கோடையில் பிரிட்டன் போலீசுக்கு அழைப்புகள் குவிந்தன. பலருக்குத் தாங்கள் அழைத்ததே தெரியாது. பேன்ட் பாக்கெட் அழைத்திருந்தது. அதனால்தான் நல்ல செயலிகள் சில நொடிகள் எண்ணிவிட்டு, ‘வேண்டாம்’ என்று சொல்ல வாய்ப்புக் கொடுத்த பிறகே கத்துகின்றன.

உயிருக்கு ஆபத்து என்றால் முதலில் 112. அதில் பேச்சே வேண்டாம். மற்ற நேரத்துக்கு உங்கள் ஐந்து பேரை இன்றே தேர்ந்தெடுங்கள். பாசத்தைப் பார்த்து அல்ல, ராத்திரி இரண்டு மணிக்குப் போனை எடுக்கிறவரா என்று பார்த்து. அவர்களிடம் சொல்லிவிட்டு ஒரு முறை பொத்தானை அழுத்திக் காட்டுங்கள். யார் போனில் சத்தம் வரவில்லையோ, அவருடைய செட்டிங்கை உட்கார்ந்து சரிபண்ணிக் கொடுங்கள்.